இடுப்புத் தண்ணி

இந்தப் பக்கமா வாங்க சின்ன முதலாளி. அந்தப் பக்கம் வேணாம், அது காத்துப் பக்கம், தண்ணி தெறிச்சு வெள்ளை வேட்டி வீணாப்போயிரும். என் சோத்தாங்கைப் பக்கம் உக்காருங்க. அந்த பேரல் மேலயே உக்காரலாம். பயப்படாதீங்க, மூடி இறுக்கமாத்தான் இருக்கு. உள்ள இருக்கிறது அத்தனையும் நல்ல தண்ணி.

என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, காத்து பேச்சை அள்ளிட்டுப் போகுது. ஆமாமா, கொம்புத்தீவு பூராவுக்கும் குடிக்க இதுதான். அங்க எங்க தோண்டுனாலும் உப்பு. இது போய்ச் சேந்தாத்தான் அடுப்புல உலை ஏறும். அதைக் கேக்கலையா? எம்புட்டு நேரம் ஆகும்னா கேட்டீங்க? அப்படித் தெளிவாச் சொல்லுங்க.

நேரம்னா, நீங்க விடிய வந்திருந்தா வெயிலுக்கு முன்னால போயிருக்கலாம். குத்தம் சொல்லலை. புது மாப்பிள்ளை, மாமியா வீட்டுல இடியாப்பமும் வட்டிலப்பமும் வச்சுக்கிட்டு இன்னும் ஒண்ணுங்க, இன்னும் ஒண்ணுன்னா எந்திரிக்கவா முடியும்? ஆனா அதுக்குள்ள ஏத்தம் நின்னு வத்தம் பிடிச்சிருச்சு. தண்ணி எறங்கிக்கிட்டே இருக்கு. ஓடையில தண்ணி குறையக் குறைய நமக்குத்தான் பாடு. பாப்போம், ஆத்தா பாகம்பிரியா இருக்கா.

கண்ணுக்கெட்டுன மட்டும் கடலாத் தெரியுதுல்ல? எல்லாம் ஏமாத்து. எறங்கி நின்னா முக்காவாசி இடத்துல முட்டுக்கு மேல நனையாது. சாத்தன்துறைக்கும் தீவுக்கும் நடுவுல ஒரே ஒரு ஓடை, வளைஞ்சு வளைஞ்சு போகும். அதுக்குள்ள போனாத்தான் இந்தப் பாய்மர வத்தை மிதக்கும். எஞ்சின் வைக்கலாமேன்னு நீங்களும் கேப்பீங்க, எல்லாரும் கேக்குறதுதான். வச்சுப் பாத்தாச்சு. பாசி சுத்திக்கிட்டு எஞ்சின் திணறி நின்னுருச்சு. சரி, ஓடைக்கு ரெண்டு பக்கமும் கொம்பு நட்டு அடையாளம் வைங்கன்னு உங்க மாமனார் சொன்னாக. நட்டோம். ஒரு அமாவாசை ஓட்டத்துல மண்ணு இடம் மாறி, கொம்பு நின்ன இடம் திட்டாப் போச்சு. கொம்பை நம்பிப் போனவன் திட்டுல ஏறுனான். அதோட அதையும் விட்டாச்சு.

அதனாலதான் முன்னால ஒரு ஆள். அந்தா நிக்கிறான் பாருங்க, கையில தாங்குகம்பு, மணிக்கட்டுல செகப்புத் துண்டு. நம்புவேல். என் மச்சினன். எம் பொண்டாட்டிக்கும் ஆத்தா பேருதான், பாகம்பிரியா. அவளுக்கு நேர் இளையவன். கம்பை விட்டுப் பாத்து அவன் ஆழம் கூப்பிடணும். நான் பின்னாலருந்து கேட்டுச் சுக்கானைத் திருப்பணும். இந்த வத்தைக்கு ஆள் ரெண்டே பேருதான். மூணாவது ஆளை ஏத்துனா ரெண்டு பேரல் தண்ணி குறைஞ்சுபோகும்.

எங்க ஊருல ஆழத்துக்கு அடிக்கணக்கு மீட்டர்கணக்கு எல்லாம் கிடையாது. உடம்புதான் கணக்கு. கழுத்துன்னா கவலை இல்ல. மாருன்னா நல்லது. இடுப்புன்னா தட்டாமப் போகும், அது போதும். முட்டுன்னுட்டா அடுத்த மூச்சுக்குள்ள திருப்பிரணும், இல்லாட்டி மண்ணுல ஏறிரும். 'இடுப்பே... இடுப்பே...'ன்னு ராகமா இழுத்துக்கிட்டே வருவாக, கேக்கவே நல்லா இருக்கும். வத்தைக்கு முன்னால வாயி, பின்னால கைன்னு எங்க அப்பன் சொல்லும். அதுவும் சுக்கான் பிடிச்ச ஆளுதான். கடைசி வரைக்கும் அதுக்குப் பாம்புக்காது. கரையில நாய் குரைச்சா யார் வீட்டு நாயின்னு கடல்ல இருந்தே சொல்லும். நாங்க அந்த வம்சம்.

ஆனா பாத்தீங்கள்ல? நாம பொறப்பட்டு இம்புட்டு நேரம் ஆச்சு, அவன் வாயைத் தொறந்தானா? கையை ஆட்டுறான். மாருல தட்டிக் காட்டுறான். இடுப்புல கை வைக்கிறான். குனிஞ்சு முட்டைப் பிடிச்சுக் காட்டுறான். கூத்துக் கட்டுறவன் கணக்கா. போன ஆடியிலருந்து இதே கூத்துதான். ஒரு வார்த்தை கிடையாது. எதுக்குடா அந்தச் செகப்புத் துண்டுன்னு கேட்டேன். ஏதோ முணுமுணுத்துட்டுப் போனான். மாட்டை ஓட்டுறவன்கூட ஹை ஹைன்னு ஒரு சத்தம் குடுப்பான். எனக்கு அதுகூட இல்ல. எனக்கும் மானம் ரோசம் இருக்குல்ல?

என்ன சொல்ல வந்தீங்க? கையைத் தூக்குறீங்க. இருங்க, நான் முடிச்சுர்றேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. விட்டா மறந்துபோயிருவேன்.

முதலாளி உங்களை எதுக்கு அனுப்பியிருக்காகன்னு எனக்குத் தெரியும். காத்து வாங்க அனுப்பல. வத்தையையும் பாத்துட்டு, வத்தைக்காரனையும் பாத்துட்டு வான்னு அனுப்பியிருக்காக. தண்ணியை இன்னொரு தடவ கடல்ல கொட்டுனா சுக்கானை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு என் முகத்துக்கு நேராவே சொல்லிட்டாக. அவுக சொன்னது நியாயந்தான், நான் மாட்டேங்கல. தண்ணிக் காரியம். ஆனா சுக்கானை விட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்கு வலை வீசத் தெரியாது. கரையில உக்காந்து தாயம் உருட்டுறவங்களோட போய் உக்காரணும். அதுக்கு இங்கயே குதிச்சுரலாம், அதுக்கும் ஆழம் பத்தாது.

அதனால நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொல்லணும். 'உமையணன் சுக்கான்ல தப்பில்ல மாமா, முன்னால நிக்கிற ஆளைத்தான் மாத்தணும்'னு. அவ்வளவுதான். நீங்களே கண்ணால பாக்குறீங்கள்ல? பேசாத ஆளை முன்னால நிறுத்தி ஓடையில போறது கண்ணைக் கட்டிக்கிட்டு கிணத்துல எறங்குறதுதான். அவன் எனக்கு வேண்டாதவன் இல்ல. என் கல்யாணத்துல எனக்குக் கால் கழுவி விட்டவன், மச்சான் மச்சான்னு சுத்தி வந்தவன். வேற வத்தையில ஏறிப் பிழைச்சுக்கட்டும். நான் தடுக்க மாட்டேன்.

அலுத்துப்போச்சு சின்ன முதலாளி. நெசமாவே அலுத்துப்போச்சு. அவன்தான் இப்படின்னா ஊரு உலகமும் அப்படித்தான் இருக்கு. முன்னெல்லாம் வாயைத் தொறந்து பேசுவாக. இப்ப எல்லாம் உதட்டுக்குள்ளயே பேச்சு. ரேடியோப் பெட்டி புதுசு வாங்குனேன், அதுவும் இழவுதான், பெரிசா வச்சாலும் கிணத்துக்குள்ள இருந்து பேசுது. கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டுக்காரன் நாலு குழாய் கட்டுனான், ரெண்டுதான் பாடுச்சு, ஊரை ஏமாத்திட்டுப் போயிட்டான். சண்டை போட்டேன். ஒருத்தனும் எனக்குப் பின்னால வரல.

பாகம் இருக்காளே, அவ கதை வேற. கொஞ்ச காலமா எது சொல்றதா இருந்தாலும் பக்கத்துல வந்து தோளைத் தொட்டுட்டுத்தான் சொல்றா. கல்யாணம் ஆன புதுசுலகூட அப்படித் தொட்டவ இல்ல. வயசான காலத்துல என்ன ஆசைடின்னு கேட்டேன். அவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ஒருநா சாப்பிட உக்காந்தப்ப காது கீதுன்னு என்னமோ ஆரம்பிச்சா. டவுனு டாக்டரு, ஒரு எட்டு, அது இதுன்னு. கொழம்புச் சட்டியைத் தூக்கி முத்தத்துல எறிஞ்சேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. நம்புகிட்டயும் சொல்லி வச்சிருப்பா போல, அவனும் பேசல. எல்லாருக்கும் எம்மேல என்ன கோவமோ.

அட, இந்தக் கடலையே எடுத்துக்கங்க. முன்னெல்லாம் ராத்திரி படுத்தா இரைச்சல் வீட்டுக்குள்ள வரும். இப்ப இல்ல. அதுக்கும் எங்களை மாதிரி அலுத்துப்போச்சு போலன்னு நெனச்சுக்குவேன்.

இந்தா, இடுப்புல கை வைக்கிறான். பாத்துக்கிட்டேண்டா, பாத்துக்கிட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு.

போன ஆடிக் கதையைச் சொல்லணும். முதலாளி ஒரு மாதிரி சொல்லியிருப்பாக, ஊருல வேற மாதிரி சொல்லுவாக. வத்தையில இருந்தது நானும் அவனும் மட்டுந்தான். தீவுல அப்ப தண்ணி சுத்தமா இல்ல. முந்துன வாரம் காத்து சரியில்லாம வத்தை போகல. பிள்ளைக வாயெல்லாம் வறண்டு கிடந்துச்சு. நாங்க பேரல் நெறைய ஏத்திக்கிட்டு இதே மாதிரி வத்தத்துலதான் போறோம். இதே கச்சான் காத்துதான். அந்தா முன்னால ஒரு வளைவு வருது பாருங்க, தண்ணி நெறம் மாறுதே, அதுக்குப் பேரு ஆத்தாமுக்கு. அதுவரைக்கும் காத்து நமக்கு இடப்பக்கம், இப்ப அடிக்கிற மாதிரி. அங்க திரும்புனதும் காத்து முதுகுக்கு வந்துரும். காத்து முதுகுல அடிச்சா பாயி குறுக்க விரிஞ்சுக்கும். முன்னால நிக்கிறவன் எனக்குத் தெரியமாட்டான், அவனுக்கு நான் தெரியமாட்டேன். நடுவுல பாயி, சுவரு கணக்கா. அப்ப வாயிதான் வழி. அவன் கூப்பிடணும், நான் கேக்கணும்.

அவன் கூப்பிடல. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆத்தா மேல சத்தியம். 'இடுப்பே'ன்னு ஒரு தடவ கேட்டுச்சு, அதுவும் வளைவுக்கு முன்னால. அப்புறம் ஒண்ணுமே இல்ல. நானும் இடுப்புதானேன்னு நேரா விட்டேன். கர்ர்ருன்னு காலுக்குக் கீழ மண்ணு. அவ்வளவுதான், ஏறிருச்சு.

வத்தம் வேற. தண்ணி எறங்க எறங்க வத்தை ஒருபக்கமா சாயுது. அத்தனை பேரல் கனத்தோட சாஞ்சா பலகை விட்டுப்போகும், வத்தையே போயிரும். வேற வழியில்ல. மூடியைத் தொறந்து கொட்டுனோம். கொம்புத்தீவு அங்க இருந்து பாத்தா தெரியும். வத்தை நின்னுருச்சுன்னதும் பொம்பளைக குடத்தைத் தூக்கிக்கிட்டு முட்டளவு தண்ணியில ஓடி வந்தாக. கொட்டாதீங்க, கொட்டாதீங்கன்னு கையை ஆட்டிக்கிட்டே வந்தாக. அவுக வந்து சேர்றதுக்குள்ள முக்காவாசி போயிருச்சு. ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, நாங்க கொட்டுன இடத்துல குனிஞ்சு கடல்தண்ணியைக் கையில அள்ளி நாக்குல வச்சுப் பாத்துச்சு. எங்கயாவது கொஞ்சம் இனிக்குதான்னு. அதை நெனச்சா இன்னும் எனக்குச் சோறு எறங்காது.

கோயிலடியில ஊர் கூடுச்சு. தீவுக்காரகளும் வந்திருந்தாக. ஆழம் கூப்பிட்டியா கூப்பிடலையான்னு நம்புவைக் கேட்டாக. எனக்கு எதுவும் கேக்கலைன்னு முன்னாலயே சொல்லிட்டேன். அவன் என்னைப் பாத்தான். பொம்பளைக கூட்டத்துல நின்ன அவன் அக்காவைப் பாத்தான். அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டு, 'கூப்பிடல. கண்ணசந்துட்டேன். என் தப்புதான்'னான். அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான் சின்ன முதலாளி! பக்கத்துல நின்ன நாட்டாமை சத்தமா ரெண்டாவது தடவ சொன்னாரு, எல்லாருக்கும் கேக்க. தீவுப் பொம்பளைக கால்ல விழுந்து கும்பிடச் சொன்னாக. விழுந்தான். நெடுஞ்சாண்கிடையா, ஒவ்வொருத்தி முன்னாலயும். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வேணாண்ணேன்னு வெலகிப்போச்சு. அது கால் நின்ன இடத்துலயும் விழுந்தான்.

பாகம் அன்னிக்கு அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை. தம்பியால குடும்ப மானம் போச்சேன்னு அழுகுறாளேன்னு தேத்துனேன். விடுடி, நான் அவனை மன்னிச்சுட்டேன்னேன். அதுக்கு இன்னும் கூட அழுதா. பொம்பளை மனசு.

இப்ப நியாயத்தைச் சொல்லுங்க. தப்பு அவனோடது, ஒத்துக்கிட்டான். நான் பெரிய மனசு பண்ணி மறுபடி முன்னால நிக்க விட்டேன். கோவப்படணும்னா நான்தான் படணும். அவன் என்னடான்னா மறுநாள்லருந்து வாயை மூடிக்கிட்டு செகப்புத் துண்டைக் கட்டிக்கிட்டுக் கையை ஆட்டுறான். என்னைப் பழி வாங்குறானா? 'கூப்பிடலைன்னுதான குத்தம், இனிமே கூப்பிடவே மாட்டேன், போடா'ங்கிறானா? எத்தனை நாளுதான் ஒரு மனுசன் அவன் முதுகைப் பாத்துக்கிட்டே வத்தை விடுறது?

இருங்க, வளைவு வந்துருச்சு. தலையைக் குனிங்க, பாயி திரும்பும். கயித்தைத் தளத்தணும். ஆச்சு. பாத்தீங்களா, விரிஞ்சிருச்சு. நம்புவைக் காணோம் பாருங்க, கையைக் காணோம், துண்டைக் காணோம். இந்த எடந்தான். இப்ப தெரியும் உங்களுக்கு அவன் லட்சணம். காதைக் குடுத்துக் கேளுங்க. ஏதாவது ஒரு சத்தம் வருதா? ஒரு இடுப்பு? ஒரு மாரு? ம்? ஒண்ணுமில்ல. அமைதியா இருக்கு. இப்படித்தான் அன்னிக்கும் இருந்துச்சு. இப்படியேதான்.

என்ன? என்ன சொல்றீங்க? எங்கிட்ட திரும்பிச் சொல்லுங்க. கூப்பிடுறானா? யாரு, நம்புவா? சும்மா இருங்க சின்ன முதலாளி. எனக்கென்ன காது இல்லையா? கடல்ல முதல்தடவ வர்றவுகளுக்குக் காத்தே பேசுற மாதிரித்தான் இருக்கும். பாயி அடிக்கிற சத்தமா இருக்கும். ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க? சுக்கான் பிடிச்ச கையைத் தொடக் கூடாது, விடுங்க.

பாயி தூக்குது. அடியில தெரியுறான்...

திரும்பி நிக்கிறான். நம்பு என்னைப் பாத்து நிக்கிறான். வாயி தொறந்திருக்கு. கழுத்து நரம்பு பொடைச்சிருக்கு. கத்துறான். கத்துறான் சின்ன முதலாளி! சத்தத்தைக் காணோமே! என்ன சொல்றான்? சீக்கிரம் சொல்லுங்க, நீங்க சொல்லுங்க! முட்டா? முட்டுங்கிறானா? எந்தப் பக்கம்? கையைக் காட்டுங்க, வாயால வேணாம், கையைக் காட்டுங்க! இந்தப் பக்கமா? பிடிங்க, நீங்களும் பிடிங்க, இழுங்க, இன்னும், இன்னும்...

தேய்க்குது. காலுக்குக் கீழ தேய்க்குது. நிக்காத தாயே, நிக்காத. ஆத்தா, பேரல் நெறைய தண்ணி. போ. போ...

போயிருச்சு. தாண்டிருச்சு. கயித்தை விட்டேன், பாயி சும்மா அடிக்கட்டும். இந்த எடம் மடு, கழுத்தாழம், கொஞ்ச நேரம் நிக்கலாம். நிக்கட்டும்.

நீங்க ஒண்ணு சொல்லுங்க, மறைக்காமச் சொல்லுங்க. எப்பலருந்து கூப்பிட்டான்? வளைவுலருந்தா? இல்லையா? துறையிலருந்தேவா? பொறப்பட்டதுலருந்தே கூப்பிட்டுக்கிட்டுத்தான் வந்தானா? கையையும் ஆட்டிக்கிட்டு, வாயாலயும் கூப்பிட்டுக்கிட்டா? அதைச் சொல்லத்தான் நீங்க கையைத் தூக்குனீங்களா, நான் வாயை மூட விடலையா?

அவன் அந்தப் பக்கம் பாத்து நின்னான். முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. முதுகைப் பாத்துட்டுப் பேசலைன்னேன்.

அப்ப போன ஆடியில...

விழுந்து கும்பிட்டான் சின்ன முதலாளி. பொம்பளைக கால்ல, ஊருக்கு முன்னால, மண்ணுல முகம் பட. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பாத்துட்டு மன்னிச்சுட்டேன்னு வேற சொன்னேன். பாகத்துக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் தோளைத் தொட்டிருக்கா. இந்தச் சுக்கான் எங்கிட்ட இருக்கட்டும்னு அக்காளும் தம்பியும் சேந்து என்ன பாடு பட்டிருக்காக, நான் அவனை மாத்துங்கன்னு உங்ககிட்ட மனுப் போட்டுக்கிட்டு வர்றேன்.

கொஞ்சம் மேல பாருங்க. அந்தக் கடல்காக்கா கூட்டம் நம்ம தலைக்கு மேலயே சுத்துதே. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. அதுவும் கத்துதா? நல்லா கத்துதா? ம். நானும் எவ்வளவு நாளாப் பாக்குறேன், ஏன் இதுக சும்மா சும்மா வாயைத் தொறக்குதுன்னு.

கடலுக்கு ஒண்ணும் அலுக்கல. எல்லாம் எனக்குத்தான்.

டேய் நம்பு! கம்பை ஊனிட்டு இங்க வா. வாடாங்கிறேன்ல. இப்படி வா, சோத்தாங்கைப் பக்கம். என்ன? சத்தமாச் சொல்லு, முதலாளி மருமகனுக்கு முன்னாலயான்னு பாக்காத. அவுகளுக்கு எனக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. உம் முகத்தை ஏன் தொடைக்கிற? உப்புத்தண்ணியா? சரி, உப்புத்தண்ணிதான். எனக்கும் அதான்.

இந்தா, சுக்கானைப் பிடி. பிடிங்கிறேன். உனக்கு ஓடை தெரியாதா? அம்புட்டு வருசமும் முன்னால நின்னு மண்ணைத் தொட்டவன் நீ, எனக்குத்தான் தெரியாது. மச்சான் வேணாம்னு தலையை ஆட்டாத. தலையை ஆட்டுனா மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். நான் கரைக்குப் போயித் தாயம் உருட்டப் போறேன்னு நெனச்சியா? கம்பைக் குடு. துண்டை நீயே வச்சுக்க, எனக்கு வேணாம்.

சின்ன முதலாளி, நீங்களும் எங்கூட முன்னால வந்துருங்க. பேரலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க. இங்க நில்லுங்க, இந்தக் கயித்தைப் பிடிச்சுக்கங்க. எங்க அப்பன் சொல்லும்னு சொன்னேன்ல, முன்னால வாயி, பின்னால கைன்னு. ஒண்ணை விட்டுருச்சு. பின்னால காதும் வேணும். அப்பனுக்கு அது இருந்துச்சு, அதனால சொல்லத் தோணல. எனக்கு அது போயிருச்சு. போகட்டும். வாயி இருக்குல்ல? எனக்கு வாயி இருக்கிறது சாத்தன்துறைக்கே தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். முன்னால நிக்கிறவன் பின்னால இருந்து எதையும் கேக்க வேண்டியதில்ல, கூப்பிட்டாப் போதும். நம்பு பேச்சு கம்மி, காது கெட்டி. இத்தனை நாளும் எடம் மாறி நின்னுருக்கோம் பாருங்க.

முதலாளிகிட்ட ஆளை மாத்தணும்னு சொல்லச் சொன்னேனே, அதை அப்படியே சொல்லிருங்க. மாத்தியாச்சுன்னு சொல்லுங்க. சுக்கானை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, உமையணனே குடுத்துட்டான்னு சொல்லுங்க. ஏன் எதுக்குன்னு அவுக கேட்டா, நீங்க கண்ணால பாத்ததையும் காதால கேட்டதையும் சொல்லுங்க. கோயிலடியில நான் வேற தனியாச் சொல்ல வேண்டியிருக்கு. அந்தத் தீவுப் பொம்பளைககிட்டயும். அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. முதல்ல இந்தத் தண்ணி போய்ச் சேரட்டும்.

கம்பு கனமாத்தான் இருக்கு. மாரே... மாரே...! பழக்கமில்ல. இழுத்துக் கூப்பிடணும். இடுப்பே... இடுப்பே...! இது கடைசி வளைவு. அந்தா தீவு தெரியுது, கரையில குடத்தோட நிக்கிறாக பாருங்க. தலையைக் குனிங்க, பாயி வருது. வந்துருச்சு. திரும்பிப் பாத்தா பாயிதான் தெரியுது, நம்பு தெரியல. அவனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும், சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கத்திக்கிட்டு.

இடுப்பே...! இடுப்பே...! நம்பு, கேக்குதாடா? கேக்குதுன்னு சொல்றானா சின்ன முதலாளி? வேணாம், சொல்ல வேணாம். கம்பு தட்டுது. முட்டே...! நம்பு, முட்டே...! சோத்தாங்கைப் பக்கம் முட்டே...!

திரும்புது. காலுக்குக் கீழ வத்தை திரும்புது.